எண்பத்தேழு

விறகுக்கட்டு என்றுதான் பொருளாம் ஃபகோட்டுக்கு.
முதல் வாரம் ஃப்ராவ்கே சொன்னாள்.
பாஸூன் என்று நான் அழைத்துக்கொண்டிருந்ததை
இந்த ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள்.
நான்கு கட்டை, வளைந்த வெள்ளிக் குழாய் ஒன்று.
பூட்டி நிறுத்தினால் என்னைவிட ஒரு சாண் குறைவு.
பல்கலைக்கழகச் சொத்து, எண் பதினொன்று.
விலையைக் கேட்ட நாளிலிருந்து
சுவரைப் பிடிக்காமல் நான் மாடி இறங்குவதில்லை.

இடது பெருவிரலுக்கு மட்டும் ஒன்பது சாவி.
மற்ற விரல்கள் பந்தியில் உட்கார்ந்திருக்க
அது ஒன்றுதான் சாம்பார் வாளியோடு ஓடுகிறது.

சீவாளியை நாங்களே செய்யவேண்டும்.
தெற்கு பிரான்சிலிருந்து வரும் கொறுக்கைத் தட்டையை
ஊறவைத்து, மடித்து, கம்பி முறுக்கி, நூல் கட்டிச்
சீவிக்கொண்டே இருக்கவேண்டும்.
மயிரிழை கூடினால் ஊமை.
மயிரிழை குறைந்தால் வாத்து.
பத்தில் இரண்டு பேசும்,
அதில் ஒன்று வெயிலடித்தால் மட்டும்.
டெட்மோல்டில் வெயில்!
விடுங்கள்.

கீழ்வீட்டு ப்ரூன்ஸ்
துவைக்கும் எந்திரம் உறுமுகிறதென்று
இரண்டு முறை மெக்கானிக்கை வரவழைத்தார்.
மூன்றாம் முறை வந்தவன் என் கதவைத் தட்டினான்.
"இன்னொரு தடவை அந்தச் சத்தம், தயவுசெய்து."
கீழ் சி ஊதினேன்.
கருவிப்பையைத் தரையில் வைத்துவிட்டுப்
பத்து நிமிடம் படியில் உட்கார்ந்திருந்தான்.
கூலியை யார் கொடுத்தார்களோ.

இதெல்லாம் பழகிவிட்டது.
எண்ணுவதுதான் பழகவில்லை.

நடத்துநர் என்றால் எனக்கு இன்னும்
விசிலும் தோல்பையும்தான் முதலில் வருகிறது.
இங்கே நடத்துநர் கையில் வெள்ளைக் குச்சி.
இறங்கவேண்டிய இடத்தில் இறங்காவிட்டால்
அதே பார்வை.

நான் இரண்டாம் ஃபகோட்.
பெரும்பாலும் சும்மா இருக்கும் உத்தியோகம்.
தாளில் ஒரு தடித்த கோடு, அதன் மேல் 87.
அத்தனை தாளவட்டமும் வாயை மூடி எண்ணி
அப்புறம் ஒரே ஒரு சுரம், பாதாளத்தில்.
அதன் மேல்தான் எல்லோரும் வந்து நிற்பார்கள்.

அன்று எழுபதுக்கு அப்பால் எங்கோ தொலைந்துபோனேன்.
முன்வரிசையில் ஒருவன் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தான்,
அதைப் பார்த்தேன், அவ்வளவுதான்.
புருவத்தால் ஃப்ராவ்கேயைக் கேட்டேன்.
உதடு அசையாமல் சொன்னாள்:
எட்டும் எழுபதும்.

இவர்கள் எண்ணை வாலில் பிடித்துத் தூக்குகிறவர்கள்.
எட்டு காதில் விழுந்தது. பின்னால் ஏழு.
எண்பத்தேழு என்று கூட்டிக்கொண்டு
மூச்சை இழுத்து இறக்கினேன்
கீழ் பி ஃப்ளாட்டை.

வயோலாக்கள் ஊசிமுனையில் நின்றிருந்த இடம்.
நூலகத்துக்குள் எருமை.

ஆனால் என்ன சுரம் அது!
இரண்டு வருடத்தில் எண் பதினொன்று
ஒருமுறைகூட எனக்கு அப்படித் திறந்ததில்லை.
நாற்காலிக் கால்கள், தரைப்பலகை,
தொடைக்கடியில் தோல்வார்,
எல்லாம் சேர்ந்து முனகியது.
எல்லா வில்லும் நின்ற பிறகும்
நான் நிறுத்தவில்லை. நிறுத்தத் தெரியவில்லை.

"யார் அது?" என்றார்.
கையைத் தூக்கினேன்.
"நல்ல சுரம். ஒன்பது தள்ளி வையுங்கள்."

அரங்கம் சிரித்து முடிக்கக் கொஞ்சநேரம் பிடித்தது.
திரும்ப ஆரம்பத்திலிருந்து.
இந்த முறை விரல் மடக்கி எண்ணினேன்,
எண்பத்தாறு, இதோ,
சரியான இடத்தில்
சுமாரான ஒரு சத்தம் வந்தது.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
கச்சேரியன்றும் அப்படியே.

தாள்கள் வாடகைக்கு எடுத்தவை.
பென்சில் குறிகளை அழித்துத்தான் திருப்பவேண்டும்.
மூச்சுக்குறி, அம்புக்குறி, எண்ணுக்குப் பக்கத்தில்
நான் எழுதிய ௮௭,
ஃப்ராவ்கே வரைந்த எருமை
(கொம்பு ஆட்டுக்கொம்பு, பார்த்ததில்லை போல),
எல்லாவற்றையும் ரப்பரால் தேய்த்தேன்.

தடித்த கோட்டின் வால்பக்கம்
ஒரு புள்ளியை மட்டும் விட்டுவைத்தேன்.
அடுத்து ஊத வருகிறவர்
எச்சில் என்று நினைத்துக்கொள்ளட்டும்.